பதில் சொல்லாத பதினொரு பேர்

அன்பு மகனுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் அப்பா முட்டைக்கோஸ் பாத்தியில் குனிந்து நத்தைகளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். நான் ஓய்வு பெற்று ஒன்பது மாதமாகிறது. காலை பத்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்து ஆறாத தேநீர் குடிப்பது இன்னும் எனக்கு ஏதோ களவு செய்வதுபோல இருக்கிறது. அதனாலேயே நன்றாகவும் இருக்கிறது. முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூட மணிச் சத்தத்துக்குப் பயந்து ஆறிய தேநீர் குடித்தவளுக்கு இதைவிட என்ன பெரிய ஓய்வூதியம் வேண்டும்? நீ எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. நான் எழுத வந்தது உன்னைப் பற்றி.

போன ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த கையோடு நீ கொழும்பிலிருந்து பேசினாய். உன் உயர்தர வகுப்பின் பத்தாவது வருட ஒன்றுகூடலை டிசம்பர் நத்தார் விடுமுறையில் வைக்கப்போவதாகச் சொன்னாய். பொறுப்பாளர் நீதான் என்றாய். எனக்கு மனம் குளிர்ந்துபோனது. யாரும் கைதூக்காத இடத்தில் கைதூக்குகிற பிள்ளையைப் பெற்றிருக்கிறேன் என்று உன் அப்பாவிடம் சொல்லவும் வாயெடுத்தேன். அதற்குள் நீ அடுத்ததையும் சொல்லிவிட்டாய். "குரூப்பை கிளீன் பண்ணப் போறேம்மா. நாப்பத்திரண்டு பேர்ல பதினொரு பேரு எதுக்குமே பதில் போடுறதில்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்களத் தூக்கிட்டேன்னா, இருக்கிறவங்கள வச்சுக்கிட்டு லேசா வேலை பாத்துடலாம்." நான் "சரிப்பா, சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். அந்தச் சரிம்மாவுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் அப்பா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். நிழல் விழுந்து எழுத்து தெரியாவிட்டால் அவரைத் திட்டு. ஞாயிற்றுக்கிழமைக்கு முன் படித்துவிடு, அது போதும்.

நானும் எங்கள் வகுப்புக்குப் பொறுப்பாளராக இருந்தவள் என்பது உனக்குத் தெரியும். எப்படி ஆனேன் என்று சொன்னதில்லை. எங்கள் பெண்கள் கல்லூரியில் உயர்தர வகுப்பின் கடைசி வாரம். முப்பத்து நான்கு பேர் இருந்தோம். டவுனில் கடை வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் நாலைந்து பேரைத் தவிர, எல்லாரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். வகுப்பாசிரியை ஒரு புதுக் கொப்பியை மேசையில் வைத்து, இந்த வகுப்பைப் பிரிந்துபோகாமல் பார்த்துக்கொள்ளப் போவது யார் என்று கேட்டார். எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று யாரோ சொல்ல, கொப்பி என் கைக்கு வந்துவிட்டது. இப்படித்தான் நான் தலைவியானேன். முப்பத்து நான்கு பெயரையும் விலாசத்தையும் கோடு போட்டு எழுதினேன். இன்ன தோட்டம், இன்ன டிவிசன் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

ஆட்களைச் சேர்த்து வைப்பது என்றால் எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். என் அப்பா கங்காணி. விடிந்ததும் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். இருந்தவர்களுக்கு மலை பிரித்துக் கொடுப்பார்கள். பிந்தி வந்தவர்களை விரட்டிவிடுவார்கள், அன்றைக்கு வேலை கிடையாது. என் தங்கைக்குக் காய்ச்சல் அடித்த ஒரு நாள் அம்மா பெரட்டுக்குப் பிந்திப் போனார். அப்பா எல்லாருக்கும் முன்னால் அம்மாவையும் விரட்டிவிட்டார். சொந்தப் பெண்சாதிக்குச் சலுகை காட்டினார் என்று பேச்சு வந்துவிடுமாம். வீட்டுக்கு வந்த அம்மா அன்று முழுக்க அடுப்போடு மட்டும் பேசினார். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா மேல் எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. ஆனால் பாரேன், வளர்ந்து என் கையில் ஒரு கொப்பி கிடைத்ததும் நான் செய்ததும் அதையேதான்.

ஒவ்வொரு வருடமும் ஒன்றுகூடலுக்கு ஒரு மாதம் முன்பே எல்லாருக்கும் கடிதம் எழுதுவேன். தொடர்ந்து மூன்று வருடம் பதில் போடாதவர்கள் பெயரை வெட்டிவிடுவது என்று நானே ஒரு சட்டம் போட்டேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சிவப்புப் பேனையும் அடிமட்டமும் வைத்து, கோணாமல் கோடு இழுப்பேன். வாத்தியார் வேலைக்குப் போன பிறகு அந்தப் பழக்கம் இன்னும் முற்றிவிட்டது. ஒன்பது பேரை வெட்டினேன். அக்கறை இல்லாதவர்களுக்காக யார் மாய்ந்துகொண்டிருப்பது என்று சொல்லியும் திரிந்தேன். பிறகு ஒரு வருடம், மீதி இருந்த இருபத்தைந்து பேரும் ஒன்றுகூடலுக்கு வந்துவிட்டோம். பழைய மாணவியர் சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, எங்கள் வகுப்பு முழு வருகை என்று அறிவித்தேன். கல்லூரி அதிபர் கைதட்டினார். மண்டபமே கைதட்டியது. வராதவர்களையெல்லாம் வெட்டிவிட்டால் வருகை முழுமையாகத்தானே இருக்கும்? இந்தக் கணக்கு அன்றைக்கு ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்த ஒன்பது பேரில் நான் முதலில் வெட்டியது செல்வராணியை. உனக்குச் செல்வி அத்தை. அவள் நம் வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்ததே உனக்குப் பத்து வயதான பிறகுதான். அதற்கு முன் ஏன் வரவில்லை என்று நீ கேட்டதில்லை, நானும் சொல்லவில்லை. வகுப்பில் அவளும் நானும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கண்ணை மூடிக்கொண்டு இலங்கைப் படம் வரைவாள், மகாவலி வளைகிற இடத்தில் கோடும் சரியாக வளையும். நான் பிற்பாடு புவியியல் டீச்சர் ஆனதற்குப் பாதிக் காரணம் அவள். ஆனால் பரீட்சை முடிவு வந்தபோது அவளுக்குப் பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறிப் போய்விட்டது. அவள் அப்பா படுத்த படுக்கை. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். மூன்று வருடம் கடிதம் எழுதினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. வெட்கப்பட்டு ஒதுங்கிவிட்டாள் என்று நானாகவே முடிவுகட்டி, அடிமட்டத்தை எடுத்துவிட்டேன்.

நீ ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் எனக்கு அக்கரப்பத்தனைப் பக்கம் இடமாற்றம் வந்தது நினைவிருக்கும். அங்கே என் மாணவி ஒருத்திக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வரவேண்டிய கடிதம் வரவில்லை. நாள் நெருங்கிவிட்டது. பிள்ளை அழுதுகொண்டே நின்றாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். லயத்து வரிசை வீடுகளுக்குத் தபால்காரர் வருவதில்லை, கடிதமெல்லாம் ஆபீசில் வந்து விழும், அங்கிருந்து யாராவது கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உண்டு. இது எனக்குத் தெரியாத விஷயமா? நானும் லயத்தில் பிறந்தவள்தானே. டவுனுக்குக் குடிவந்து, கதவில் இலக்கம் அடித்த வீட்டில் இருந்து பழகியதும் மறந்துவிட்டது. வயதான கிளாக்கர் ஒருவர் நாங்கள் சொன்னதைக் கேட்டு, அலமாரிக்கு மேலிருந்து பெரிய பிஸ்கட் டின் ஒன்றை இறக்கி வைத்தார். ஆள் தெரியாமல் தங்கிப்போன கடிதங்களை அவர் எறியாமல் சேர்த்து வைத்திருந்தார். மாணவியின் கடிதம் மேலேயே இருந்தது. அவள் அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நான் சும்மா டின்னுக்குள் கைவிட்டேன். அடியில், ஒரு நூலில் கட்டி, என் கையெழுத்தில் மூன்று கடிதம்.

மூன்றும் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தன. கிளாக்கரிடம் கோபப்பட்டேன், இத்தனை வருடம் இதை ஏன் கொடுக்கவில்லை என்று சத்தம் போட்டேன். அவர் நிதானமாக உறையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க டீச்சர். செல்வராணின்னு மட்டும் எழுதியிருக்கீங்க. அந்த டிவிசன்ல நாலு செல்வராணி இருக்காங்க. அப்பா பேரும் இல்ல, லய நம்பரும் இல்ல. நான் யார்கிட்டன்னு குடுக்கிறது?" ஒரே வாங்கில் இரண்டு வருடம் உட்கார்ந்தவளுடைய அப்பாவின் பெயர் எனக்குத் தெரியும். எழுதத் தோன்றவில்லை. பிள்ளைகளுக்கு உலகப் படத்தில் அமேசன் நதியைக் காட்டிக்கொடுத்தவளுக்கு, ஐந்தாம் இலக்க லயத்துக்குக் கடிதம் எழுதத் தெரியவில்லை.

அன்றைக்கே அவளைத் தேடிப் போனேன். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் சாயந்திர வரிசையில் நின்றாள். என்னைக் கண்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "வாங்க டீச்சர்" என்றாள். ஒரே வாங்கில் இருந்தவள் என்னை டீச்சர் என்று கூப்பிட்டது எனக்குச் சுருக்கென்றது. என்னடி டீச்சர் என்கிறாய் என்று கேட்டேன், சிரித்துக்கொண்டாள். கடிதங்களைக் கொடுத்தேன். இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியில் விரலைத் துடைத்துவிட்டு, மூன்றையும் அங்கேயே நின்றபடி, வருட வரிசைப்படி படித்தாள். மற்றப் பெண்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போய்க் கொழுந்தை நிறுத்தார்கள். படித்து முடித்து மடித்தவள், என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அதுக்கப்புறம் ஏன் எழுதல?"

மகனே, இதுவரை சொன்னது தவறு. இனிச் சொல்வது பொய். பெயரை வெட்டியது நான்தான் என்று அந்த இடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தபால் சரியில்லடி, அதுக்கப்புறம் அனுப்புனதெல்லாம் எங்க போச்சோ" என்றேன். அவள் கடிதங்களை மடியில் செருகிக்கொண்டாள். பிறகு "சரி" என்றாள். அந்த வருட ஒன்றுகூடலுக்கு வந்தாள். அதன்பின் ஒரு வருடம்கூடத் தவறவில்லை. நான் வீட்டுக்கு வந்து, கொப்பியைத் திறந்து, சிவப்புக் கோட்டுக்கு மேல் அவள் பெயரை மறுபடி எழுதினேன். கோட்டை அழிக்க முடியவில்லை. அவளுக்குத் தெரியாதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மீதி எட்டுப் பேரைத் தேடுகிற வேலையை ஆரம்பித்தது செல்விதான், நான் அல்ல. அதுவும் அவள் தலைவி ஆகாமலே. அவளுக்குக் கூட்டுச் சேர்ந்தவள் நஸீரா, ஹட்டனில் வாப்பாவின் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொள்கிற எங்கள் வகுப்புக்காரி. ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்க வருகிற ஆட்களிடம், எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று நஸீரா பேச்சுக் கொடுப்பாள். சீலையை மடித்துக்கொண்டே, இன்னாருடைய மகள், இன்ன வருடம் படித்தவள், அவளிடம் நஸீரா கேட்டதாகச் சொல்லுங்கள் என்பாள். கடிதம் போகாத இடத்துக்கெல்லாம் அவள் சொல் போய்ச் சேர்ந்தது. வலப்பனையில் சிங்களவர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போயிருந்த ஒருத்தியை அப்படித்தான் பிடித்தோம். அவள் கணவர்தான் போனை எடுத்தார். செல்வி சிங்களத்தில் பேசிப் புரியவைத்தாள். எங்களோடு பேசும்போது வலப்பனைக்காரிக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வந்தது, பேசப் பேசச் சரியாகிவிட்டது. மூன்று வருடத்தில் ஏழு பேர் கிடைத்தார்கள். எட்டாவது ஆள் இறம்பொடைப் பக்கம். தேடிப் போனபோது, அவள் இறந்து நாலு வருடம் என்றார்கள். நாங்கள் முழு வருகை என்று கைதட்டு வாங்கிய மாதம் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். யாராவது வந்து பார்க்க மாட்டார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். அவள் அம்மா எங்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தபடி இதைச் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை. நான்தான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் ஒன்றுகூடலில் பலது மாறியது. எல்லாம் செல்வி சொன்னதுதான், நான் கொப்பியில் எழுதிக்கொண்டது மட்டும்தான். சனிக்கிழமை வைக்கக் கூடாது, மலைக்குப் போகிறவர்களுக்கு அன்று வேலை நாள். பத்து மணிக்கு ஆரம்பித்து இரண்டரைக்கு முடித்துவிட வேண்டும், பிந்தினால் தோட்டத்துப் பக்கம் போகிற பஸ் நிரம்பி வழியும், மழையும் பிடித்துக்கொள்ளும். ஹோட்டல் வேண்டாம், பள்ளிக்கூட மண்டபமே போதும், ஹோட்டல் என்றதும் நல்ல சீலை இல்லையே என்று பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். இப்போது என்ன செய்கிறாய் என்று யாரும் யாரையும் முதல் கேள்வியாகக் கேட்கக் கூடாது. என் ஒருத்தி தலையில் எல்லாவற்றையும் கட்டாமல், ரோட்டுக்கு ஒருத்தி பொறுப்பு. ஒவ்வொருத்திக்கும் ஐந்தாறு பேர்தான். அந்த ஐந்தாறு பேரை வருடத்தில் ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். பொறுப்பெடுக்க யாராவது வருவார்களா என்று நான் சந்தேகப்பட்டேன். ஏழு பேர் கைதூக்கினார்கள். அதில் ஐந்து பேர் நான் வெட்டினவர்கள்.

அவள் கொண்டுவந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. ஒன்றுகூடலில் நான் வழக்கம்போலப் பெயர் கூப்பிடுவேன். வந்தவள் "இருக்கேன்" என்பாள். வராதவளின் பெயர் வந்தால் நான் முன்பெல்லாம் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். செல்வி முதல் வருடமே என்னை நிறுத்தினாள். வராதவளைக் கடைசியாகப் பார்த்தவர் எழுந்து, அவளுக்காகப் பதில் சொல்ல வேண்டும் என்றாள். அப்படியே நடந்தது. ஒருத்தி எழுந்து, அவளுக்கு மூன்றாவது பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது, அதனால் வரவில்லை என்பாள். இன்னொருத்தி, அவள் மத்திய கிழக்கில் வீட்டு வேலையில் இருக்கிறாள், தைப்பொங்கலுக்கு வருவாள் என்பாள். ஒரு பெயருக்கு ஒருவருமே எழும்பவில்லை என்றால், அடுத்த வருடம் நாங்கள் எல்லாரும் செய்ய வேண்டிய வேலை அந்தப் பெயர்தான். இப்படியும் பெயர் கூப்பிடலாம் என்று என் அப்பாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பாவம்.

இனி உன் பதினொரு பேருக்கு வருகிறேன். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நீ சின்ன வயதில் சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கோடு போடும்போது அடிமட்டத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வாய். உனக்கு ஆள் வெட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பதினொரு பேர் யார் யார் என்று நீ பார்த்தாயா? உன் பள்ளிக்கூடத்துப் பெயர்ப் பட்டியல் எனக்கும் ஓரளவு தெரியும். அதில் ஒருவன் வீட்டில் சிக்னல் எடுக்க வேண்டுமானால் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். இன்னொருவனுடைய போன் அவன் அப்பாவின் போன், பகலில் அவரோடு தோட்டத்தில் இருக்கும். நீங்கள் குரூப்பில் பாதியும் ஆங்கிலத்தில் எழுதுகிறீர்கள், வெளிநாட்டு வேலை, புதுக் கார், குழந்தையின் பிறந்தநாள் கேக் என்று படம் போடுகிறீர்கள். போடுங்கள், தப்பில்லை. அதற்கு நடுவில் தேயிலை இஸ்டோரில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவன் என்னவென்று பதில் போடுவான்? அவன் பேசவில்லை, ஆனால் விட்டுப் போகவும் இல்லையே. பத்து வருடமாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டு உள்ளேயே இருக்கிறான். அதற்கு என்ன அர்த்தம் என்று நீ யோசித்துப் பார்.

குரூப்பில் அறிவித்தல் போடாதே. ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடு, தமிழில் பேசு, ஒன்றுகூடலைப் பற்றி முதலில் வாயே திறக்காதே. உன்னால் பதினொரு பேரையும் பார்க்க முடியாது, எனக்கும் தெரியும், உனக்கு ஆபீஸ் இருக்கிறது. ஹட்டன் பக்கம் இருக்கிற ஒருவனிடம் மூன்று பேரைக் கொடு, நுவரெலியாப் பக்கம் ஒருத்தியிடம் மூன்று பேரைக் கொடு. பேசுகிறவர்களில் கெட்டிக்காரர்களைத் தேடாதே, நேரில் போய் நிற்கத் தயங்காதவர்களைத் தேடு. கூப்பிட்டும் வராதவன் வராமல் இருக்கட்டும். பெயர் இருக்கட்டும். பட்டியல் அசிங்கமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகிறது, நீ என்ன கண்காட்சியா வைக்கப்போகிறாய்?

போன மாதம் நான் பொறுப்பைச் செல்வியிடம் ஒப்படைத்துவிட்டேன். இதை உனக்குப் போனில் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது. பொறுப்போடு கொப்பியையும் கொடுக்க வேண்டும். கொப்பியில் அவள் பெயருக்குக் கீழே அந்தச் சிவப்புக் கோடு கிடக்கிறது. புதுக் கொப்பி ஒன்று வாங்கி எல்லாப் பெயரையும் நகல் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பன்னிரண்டு பெயர் எழுதினேன். பதின்மூன்றாவது அவளுடையது. அதை எழுதக் கை வரவில்லை. பதினெட்டு வருடம் சொன்ன பொய்க்கு இன்னொரு முறை அழகான கையெழுத்துப் போடுவதா என்று இருந்தது. பழைய கொப்பியையே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். இந்த வயதில் ஒரு சிநேகிதியை இழந்தால் புதிதாக ஒருத்தியைச் சம்பாதிக்க எனக்குக் காலம் இல்லை. அதுதான் பயம், வேறொன்றுமில்லை.

அவளும் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். லயத்துக்குக் கீழே மகள் கட்டிக் கொடுத்த சின்ன வீட்டில் இருக்கிறாள். வெங்காயத்தாள் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை, கொப்பியைத் திறந்து அவள் பெயர் இருந்த பக்கத்தைக் காட்டினேன். "இந்தக் கோட்ட நான்தான் போட்டேன் செல்வி. தபால் மேல பழியப் போட்டுட்டேன்" என்றேன்.

அவள் பார்த்துவிட்டு, தாளை ஆய்வதை நிறுத்தாமலே, "தெரியும்" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் மகளும் எங்கள் கல்லூரியில்தான் படித்தாள் அல்லவா? நான் முழு வருகை என்று அறிவித்ததைப் பள்ளிக்கூட ஆண்டு மலரில் அச்சடித்திருந்தார்கள், இருபத்தைந்து பெயரும் வரிசையாக. மகள் அந்த மலரை வீட்டுக்குக் கொண்டுபோய், "அம்மா, உங்க வகுப்பு வந்திருக்கு, உங்க பேரு எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறாள். நான் கடிதங்களோடு மடுவத்துக்குப் போய் நின்றது அதற்கு அடுத்த வருடம். அப்படியென்றால் நான் தபாலைக் குறை சொன்னபோதே அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தச் "சரி"யைச் சொல்லியிருக்கிறாள்.

பக்கத்தில் இருந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம் ஒரு வார்த்தை ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன்.

"கேட்டிருந்தா நீ கூனிக்குறுகிப் போயிருப்ப. என் மூஞ்சியப் பார்க்க மாட்டாம, வகுப்பையே விட்டுட்டு ஒதுங்கியிருப்ப. உன்னைய எனக்குத் தெரியாதா?" என்றாள். "ஏற்கனவே ஒன்பது பேரு போயாச்சு. பத்தாவதா உன்னையும் விட எனக்கு மனசு வரல."

நான் அழுதேன். அவள் அழவில்லை. தாளை ஒதுக்கி வைத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, தனக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை என்றும், யார் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு வாசித்தேன். அடுத்த வாரம் இரண்டு பேருமாகப் பஸ்ஸில் போகிறோம்.

உன் அம்மா